ஓட்டேரியிலிருந்து கேட்கிறேன்: கதை எழுத எங்கே ஆரம்பிப்பது?

ஓட்டேரிப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. வீடு வடசென்னையில் ஓட்டேரி, வேலை மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். ஹார்பருக்கு வருகிற சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கிற கணக்குத் தாள், போடுவேன், நாள் பூராவும் எண்கள்தான். ஆனால் மூன்று வருஷமாக மனதுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் தாத்தா பின்னி மில்லில் தறியில் வேலை பார்த்தவர். 1996-ல் மில்லை மூடியபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். கடைசி சில வருஷங்களை நானே சின்னப் பையனாகக் கூட இருந்து பார்த்தேன். அதை நாவலாக எழுத ஆசை.

நாலு தடவை ஆரம்பித்துவிட்டேன். பத்துப் பக்கத்தைத் தாண்டவில்லை. எழுதியதை மறுநாள் படித்தால் யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. ஏதாவது பயிற்சி வகுப்பில் சேரவா? என்ன படிக்க வேண்டும்? நம் ஏரியா பேச்சை அப்படியே எழுதலாமா? எழுதி முடித்தால் எங்கே அனுப்புவது, யாராவது கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் பத்தியைக் கீழே போடுகிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள்.

"அன்று வானம் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. என்றும் ஒலிக்கும் ஆலைச் சங்கு அன்று ஊமையாகிப்போனது. அந்த மௌனம் பெருமாளின் நெஞ்சில் ஆயிரம் ஈட்டிகளாய்ப் பாய்ந்தது. பாட்டி கண்களைத் துடைத்துக்கொண்டே, 'இனி நம் கதி என்னங்க?' என்று கதறினாள்."

காசிமேட்டு வாசகி

தம்பி, ஒன்று கேட்கிறேன். வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், பாட்டி என்றா? ஓட்டேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஆயா என்றுதான் சொல்லியிருக்கும். அப்புறம் உங்கள் ஆயா தாத்தாவிடம் "நம் கதி என்னங்க" என்று பேசியிருப்பாரா? மறுநாள் படித்தால் யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா, அந்த யாரோ இந்த "பாட்டி"க்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். பேனாவை எடுத்ததும் நாம் எல்லோரும் நம் வீட்டை விட்டுவிட்டு, எப்போதோ படித்த தொடர்கதையில் வருகிற வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

எனக்கும் இது நடந்தது. என் அம்மா காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் ஏலத்துக்குப் போய்விடுவார். நான் எழுதிய முதல் கதையில் "கடலன்னையின் மடியில்" என்று ஒரு வரி வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நான் எங்கே வர்றேன் இதுல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கு இரவு உட்கார்ந்து அவருடைய கையைப் பற்றி மட்டும் எழுதினேன். ஐஸிலேயே கிடந்து விரல் நுனி வெளுத்து, கோடு கோடாகச் சுருங்கியிருக்கும். வலது கை ஆள்காட்டி விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தாலும் வாங்க மாட்டார். வீட்டில் எங்கள் காய்ச்சலைப் பார்க்கும்போதும் அதே விரலால் கீழ் இமையைத்தான் இழுத்துப் பார்ப்பார். அந்த இரண்டு பக்கம்தான் பிறகு ஒரு பத்திரிகையில் வந்த என் முதல் கதை. அப்போது எனக்கு வயது 38.

அதனால் வானம் அழுதது, ஈட்டி பாய்ந்தது எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். மில் மூடிய மறுநாள் தாத்தா எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன செய்தார்? நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, தெரியாது என்றால் ஆயாவைக் கேளுங்கள். அவர் இருக்கிறார்தானே?

வியாசை வாத்தியார்

வாசகியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் நான் வேறு ஒன்று சொல்வேன். நாவலை இப்போதைக்கு விடுங்கள். மூன்று வருஷமாக நாலு தடவை பத்துப் பக்கத்தில் நிற்கிறது என்றால் உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை, முடித்துப் பழக்கமில்லை. ஒரு கதையை முடிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. ஆயிரத்து ஐந்நூறு வார்த்தையில் ஒரு சிறுகதை, ஒரே நாள், ஒரே வீடு, இரண்டே ஆட்கள். மோசமாக வந்தாலும் கடைசி வரி வரைக்கும் போய் முற்றுப்புள்ளி வையுங்கள். அப்படி ஆறு கதை முடித்துவிட்டு நாவலுக்கு வந்தால், நாற்பதாவது பக்கத்தில் வருகிற சோர்வைத் தாங்கத் தெரிந்திருக்கும்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவன் நான். நன்றாக எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள், முடிக்கிற பிள்ளைகள்தான் குறைவு.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். பணம் வாங்கிக்கொண்டு "பத்து நாளில் எழுத்தாளர்" என்று சொல்கிற எதிலும் சேர வேண்டாம். ஒரு பட்டறையில் ரெண்டு நாள் உட்கார்ந்து நாலு பேர் எழுதியதைக் கேட்டு, நம்முடையதையும் வாசித்துக் காட்ட முடிந்தால் அது நல்லது. அதைவிட நல்லது, நம் பக்கத்திலேயே மூன்று பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவது. வடசென்னையில் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்துப் பேப்பர் படித்து விவாதம் பண்ணிய ஊர் இது. மில் தொழிலாளிகள் ஒருவர் படிக்க பத்து பேர் சுற்றி நின்று கேட்பார்கள், நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

ராயபுரம் ரயிலடி

தம்பி மண்ணடியில் வேலை என்றதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில். உங்கள் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரம். கடவுள் வந்து இறங்குவதற்கு அவர் இமயமலையைத் தேடவில்லை, டிராம் ஓடிய அந்தச் சந்திப்பே போதும் என்று நினைத்தார். ஒரு சாப்பாட்டு வேளையில் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய் அந்த முனையில் நின்று படியுங்கள். அவர் எதைப் பார்த்தார், எதை விட்டார் என்று புரியும். அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆனது, அதனால் காசு கொடுக்காமலே மதுரைத் திட்டம் தளத்தில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பழைய புத்தகங்கள் ஏராளம்.

பின்னி மில் பற்றி எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் கதை 1996-ல் முடிந்த கதை மட்டும் இல்லை. பின்னி மில் என்று நாம் சொல்கிற பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் 1870-80களில் வந்தவை. காக்கித் துணிக்குப் பேர் போனவை. அந்தத் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. பி.பி. வாடியா என்ற தலைவரும் தமிழறிஞர் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். 1921-ல் பல மாதம் நீடித்த வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்பில் கலவரம். உங்கள் தாத்தா வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தக் கதைகளைச் சொல்ல பழைய ஆட்கள் அங்கே இருந்திருப்பார்கள்.

இதையெல்லாம் தேட மூன்று இடம் சொல்கிறேன். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், உங்கள் வீட்டிலிருந்து பக்கம். 1896-ல் திறந்தது. 1954-ம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகிற புத்தகத்தில் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். அதே எழும்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அரசு கோப்புகளுக்கு. விண்ணப்பம் கொடுத்துத்தான் உள்ளே பார்க்க முடியும், பொறுமை வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அது மாதிரி இன்னொரு இடம் இல்லை. ஒரு பழைய விளம்பரத்தைப் பார்த்தாலே அன்றைக்கு ஒரு சோப்பு என்ன விலை, ஒரு வேட்டி என்ன விலை என்று தெரிந்துவிடும்.

ஆனால் எச்சரிக்கையாகவும் இருங்கள். நான் ராயபுரம் ஸ்டேஷனை வைத்து ஒரு கதை எழுதப் போய் ஒன்றரை வருஷம் நூலகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். 1856 ஜூலை 1-ம் தேதி அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி கிளம்பியது, தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல் பயணிகள் ரயில். அதைப் பற்றி இருநூறு பக்கம் குறிப்பு என்னிடம் இருக்கிறது. கதை மூன்று பக்கம்தான் வந்தது, அதிலும் ஆளே இல்லை, வண்டிதான் இருக்கிறது. முதலில் கதையை எழுதுங்கள். தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். எழுதி முடித்த பிறகு அந்த வட்டங்களுக்கு மட்டும் பதில் தேடினால் போதும்.

ஓட்டேரிப் பையன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆயா இருக்கிறார், 78 வயது. வாசகி அக்கா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதுவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

இன்னொரு சந்தேகம். பேச்சு வழக்கு. நம் ஏரியா தமிழ் என்றாலே படிக்கிறவர்கள் ரவுடிக் கதை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆபீசில் ஒருவரிடம் வடசென்னை பற்றி எழுதுகிறேன் என்றேன், "எத்தனை கொலை?" என்று கேட்டார். அதனால்தான் ஆயா பேச்சை மாற்றினேனோ என்னவோ.

எண்ணூர்க்காரி

தம்பி, இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகவே எழுதுகிறேன்.

நாம் எந்தப் பகுதி என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். கத்தி, கஞ்சா, கானா, பாக்சிங், இந்த நாலையும் தவிர இங்கே எதுவுமே நடக்காத மாதிரி. கானாவும் பாக்சிங்கும் நம்முடைய பெருமை, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் காலையில் தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசை போடுகிற பெண், பிள்ளைக்கு இன்ஜினியரிங் பீஸ் கட்ட மூன்று வீட்டில் சீட்டு போட்ட அப்பா, ஓட்டேரியிலிருந்து தினம் மண்ணடிக்குப் போய் கம்ப்யூட்டரில் எண் அடிக்கிற நீங்கள், இவர்கள் யாரும் அதில் இல்லை. கொலை இல்லாத கதையை நீங்கள் எழுதினால்தான் உண்டு.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. எங்கள் ஊர்ப் படகுகள், வலைகள் எல்லாம் கறுப்பாகிவிட்டன. அதைப் பற்றி எழுத வந்தவர்கள் நிறைய பேர். எல்லோரும் "உங்கள் வேதனையைச் சொல்லுங்கள்" என்றார்கள். எங்கள் பெரியம்மா ஒருவர், படகிலிருந்து எண்ணெயை வழித்து வழித்து நகக் கண்ணில் ஏறிய கறுப்பு போகாமல், பேத்திக்குச் சோறு ஊட்ட ஸ்பூன் வாங்கி வரச் சொன்னார். அது வரைக்கும் எங்கள் வீட்டில் குழந்தைக்கு யாரும் ஸ்பூனில் ஊட்டியதில்லை. அதை யாரும் எழுதவில்லை, ஏனென்றால் வேதனை எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் ஸ்பூனைச் சொல்லவில்லை.

நான் இதை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன், கதையில் அவர் பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன். நீங்களும் ஆயாவிடம் கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிக்கிற விஷயம் வரும். அதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாமல் அச்சில் பார்க்கும்படி விட்டுவிடாதீர்கள்.

வியாசை வாத்தியார்

மொழி பற்றி என் கருத்து. உரையாடலில் வழக்கு மொழி, கதை சொல்லும் இடத்தில் எழுத்துத் தமிழ். புதிதாக எழுதுகிறவருக்கு இதுதான் பாதுகாப்பு. மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் படிக்க வேண்டும் அல்லவா.

காசிமேட்டு வாசகி

வாத்தியார் ஐயாவிடம் இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை, மன்னிக்க வேண்டும். ஒரு சிறுவன் தானே கதை சொல்கிறான் என்றால் முழுக்க அவன் பேச்சிலேயே போகலாம். கோவில்பட்டிக்காரர்களும் நாஞ்சில் நாட்டுக்காரர்களும் தங்கள் பேச்சில் எழுதியதை நாம் அகராதி இல்லாமல் படித்தோம், நம்முடையதை மட்டும் ஏன் விளக்கம் கொடுத்து எழுத வேண்டும்?

ஆனால் எந்தப் பேச்சு என்பதில் கவனம் வேண்டும். சினிமாவில் வருகிற சென்னைத் தமிழ் வேறு, இன்றைக்கு நம் தெருவில் கேட்கிறது வேறு. "கீது", "கீறே" எல்லாம் என் அம்மா தலைமுறை. என் மகள் "வந்துனு இருக்கேன்", "சொல்லிட்டேன்ல" என்கிறாள். தம்பியின் ஆயாவுக்கு 78 வயது என்றால் "குந்து", "இஸ்துக்கினு", "நைனா", "நாஷ்டா", "பேஜாரு" எல்லாம் இயல்பாக வரும். தம்பிக்கு வராது. ஒரே வீட்டில் மூன்று விதத் தமிழ் இருக்கிறது, எல்லோர் வாயிலும் ஒரே சென்னைத் தமிழைத் திணித்தால்தான் அது வேஷமாகத் தெரியும். துட்டு டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, நாஷ்டாவும் பேஜாரும் உருது வழியாக வந்தன, துறைமுக ஊர் என்பதற்கு இந்தச் சொற்கள்தான் சாட்சி. வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆயா பேசும்போது போனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டு. பிறகு அப்படியே எழுத்தில் பெயர்த்து எழுதாதீர்கள். பத்து வரியில் இரண்டு சொல்லும் வாக்கியம் முடிகிற விதமும் போதும், குரல் வந்துவிடும்.

வியாசை வாத்தியார்

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. என் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்கள் பேச்சு இன்னும் தனி. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற அம்மாவின் தமிழை நான் என் "பாதுகாப்பில்" எழுதினால் அது அவர் இல்லை.

தங்கசாலை புரூஃப்

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். அச்சகத்தில் 22 வருஷம் மெய்ப்புப் பார்த்தவன். எழுதி முடித்த பிறகு என்ன என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு பற்றி: எழுதிய நிமிஷமே பதிப்புரிமை உங்களுடையது. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை, வேண்டுமானால் செய்துகொள்ளலாம். உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 வருஷம் வாரிசுகளுக்கு. யோசனையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, எழுதிய வரிகளுக்குத்தான் உரிமை. பின்னி மில் பற்றி இன்னும் பத்து பேர் எழுதலாம், உங்கள் ஆயாவை அவர்களால் எழுத முடியாது. மெயிலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு இருக்கும்.

பணம் கட்டிப் புத்தகம் போடுவது பற்றி என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கவிதை, சிறுகதை எழுதுவாள். ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், நாற்பதாயிரம் ரூபாய் வாங்கினார்கள். அதில் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு என்று தனியாக மூவாயிரம். கையில் கொடுத்தது ஐம்பது பிரதி. கடைகளில் இல்லை, கேட்டால் போன் எடுக்கவில்லை. புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன், முதல் பக்கத்திலேயே அவள் அப்பா பெயரில் பிழை. அவள் அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற மத்திய அரசு முகமைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் தனி ஆளுக்கும் கொடுப்பார்கள். அதற்கு ஒருவர் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். வாய்ப் பேச்சில் பதிப்புரிமை கைமாறாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். "எல்லா உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா இதெல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ராயல்டி, அதாவது விற்கிற பிரதிக்கு எழுதியவருக்குத் தரும் பங்கு, பொதுவாக விலையில் ஏழரை முதல் பத்து சதவீதம் வரை பேசுவார்கள். அதை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எந்தக் கணக்கோடு தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன்னால் இதழ்களுக்கு அனுப்புங்கள். இணைய இதழ்களும் இருக்கின்றன, சொல்வனம் மாதிரி பல வருஷமாக நடப்பவை. அந்த இதழின் நாலு கதையையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு அனுப்பக் கூடாது. பதில் வராமல் மாதக்கணக்கில் போகும், அதற்குள் அடுத்த கதையை முடித்திருக்க வேண்டும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்டது. யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், தமிழ்99 விசைப்பலகை பழகினால் நல்லது, ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்க வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், "கொ" உடைந்து "கெ" ஆகிவிடும். அதனால் வடிவமைத்த பிறகு மறுபடியும் முழுதாக ஒரு தரம் படித்தே ஆக வேண்டும், கம்ப்யூட்டரில் திருத்தியாகிவிட்டது என்று விடக் கூடாது. வாணி, நாவி என்று இணையத்தில் இலவசத் திருத்திகள் இருக்கின்றன, எழுத்துப் பிழைக்கும் ஒற்றுப் பிழைக்கும் உதவும். ஆனால் ஆயா பேச்சில் அவை சிவப்புக் கோடு போட்டால் கேட்காதீர்கள்.

எண்ணூர்க்காரி

புரூஃப் அண்ணா, உங்கள் தங்கையை இந்த இழைக்கு அழைத்து வாருங்கள். அந்தக் கதைகளை நாங்கள் படிக்கிறோம். நிஜமாகச் சொல்கிறேன்.

தங்கசாலை புரூஃப்

கேட்டுப் பார்க்கிறேன் அம்மா. ரொம்ப நன்றி.

ராயபுரம் ரயிலடி

எழுத இடமும் புத்தகமும் பற்றிச் சின்னதாக. வீட்டில் இடம் இல்லை, எல்லோருக்கும் ஒரே ரூம் என்பதுதான் நம் பக்கம் பாதிப் பேர் எழுதாமல் போனதற்குக் காரணம். 2024 கடைசியில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் இடம். நம் பக்கத்துக் கிளை நூலகங்களையும் விடாதீர்கள். பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அந்தக் கடைக்காரர்கள் அங்கேதான் வந்தார்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது புதுப் புத்தகத்துக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சம்பளம் போய்விடும்.

ஓட்டேரிப் பையன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆயாவிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதல் நாள் "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப" என்று எழுந்து போய்விட்டார். இரண்டாவது தடவை நான் கேட்காமல் கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவராகவே ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்று தெரியவே தெரியாது. தாத்தா வீட்டில் எப்போதும் கத்தித்தான் பேசுவார், கோபக்காரர் என்றே நான் நினைத்திருந்தேன். தறிச் சத்தத்தில் காது போயிருக்கிறது. தறிக்குப் பக்கத்தில் யாரும் வாயால் பேச முடியாதாம், எல்லாம் கை ஜாடைதான். அந்த ஜாடையை ஆயாவுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் பேசாமலே பேசிக்கொள்வார்களாம், மாமியாருக்குத் தெரியாமல். இதைச் சொல்லும்போது ஆயா சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நாவலை எடுத்து வைத்துவிட்டேன். சிறுகதை. காலையில் அரைமணி நேரம், ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் டீக்கடையில். போனில் வாய்ஸ் டைப்பிங்கில் சொல்லிவிட்டு ராத்திரி திருத்துகிறேன். வாத்தியார் சொன்ன அளவைத் தாண்டி 1,700 வார்த்தை வந்தது, முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன், எழுதலாம் என்று சொல்லிவிட்டார், ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஆரம்பம் இப்படி இருக்கிறது:

"மில்லை மூடி ஒன்பது நாள் ஆகியிருந்தது. தாத்தா நாலரைக்கு எழுந்து குளித்தார். காக்கிச் சட்டையை எடுத்து உதறி, மறுபடியும் ஆணியில் மாட்டினார். வெளித் திண்ணையில் போய்க் குந்தினார். ஆறு மணிக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் தலையைத் திருப்பி மில் பக்கம் பார்த்தார். ஆயா வாசலுக்கு வந்து, வலது கையை வாயருகே கொண்டு போய் இரண்டு தடவை அசைத்தாள். நாஷ்டா. தாத்தா விரலை மடக்கி வேண்டாம் என்றார். அவள் உள்ளே போய், எப்போதும் போல டிபன் கேரியரைக் கழுவி, எப்போதும் போல மூன்று அடுக்கிலும் போட்டு, மூடி, அவர் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாள்."

காசிமேட்டு வாசகி

தம்பி, இதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். வீட்டில் மகளுக்கும் படித்துக் காட்டினேன். அந்தக் கை அசைவில் அவள் படிப்பதை நிறுத்தச் சொல்லி, என்னிடம் செய்து காட்டச் சொன்னாள்.

"எப்போதும் போல" இரண்டு தடவை வருகிறது, வேண்டுமென்றே செய்தது தெரிகிறது, இருக்கட்டும். எனக்கு ஒன்றுதான் குறை. மூன்று அடுக்கிலும் "போட்டு" என்கிறீர்கள். என்ன போட்டார்? ஒன்பது நாளாகச் சம்பளம் இல்லாத வீடு, மூன்றாவது அடுக்கில் என்ன இருந்தது என்று ஆயாவைக் கேட்டு எழுதி, முழுக் கதையையும் இங்கே போடுங்கள்.

தங்கசாலை புரூஃப்

போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி, புரூஃப் நான் பார்த்துத் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பத்தியைப் படித்தாள். சீக்கிரம் போடச் சொன்னாள்.